அம்மானின் மாடித் தொட்டிகளும் நீர்த்தேவையின் கணக்கும்

ஜோர்டான் நாட்டின் தலைநகர் அம்மானில் 1987 முதல் குழாய்த் தண்ணீர் முறைவைத்துத்தான் வருகிறது. பெரும்பாலான பகுதிகளுக்கு வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ விடுவார்கள். அதற்குள் மொட்டைமாடியில் வரிசையாக நிற்கும் தொட்டிகளை நிரப்பிக்கொண்டு, மிச்ச நாட்களை அதை வைத்தே ஓட்ட வேண்டும். சம்ப்பும் தண்ணி லாரியும் பழகிப்போன சென்னைவாசிக்கு இதில் புதுமை ஒன்றும் தெரியாது. ஆனால் சென்னைக்கு ஒரு வடகிழக்குப் பருவமழை ஒழுங்காகப் பெய்தால் ஏரிகள் நிரம்பிவிடும். ஜோர்டானின் நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஆண்டு மழையே 200 மில்லிமீட்டரை எட்டாது. ஒரு நாட்டில் புதுப்பிக்கத்தக்க நீர் ஆளுக்கு ஆண்டுக்கு 500 கன மீட்டருக்குக் குறைந்தால் அது முற்றிய பற்றாக்குறை என்பது நீரியலாளர்களின் கணக்கு. ஜோர்டானில் அது 100 கன மீட்டருக்கும் கீழே.

இப்படிப்பட்ட நாடுகளில் புது அணைக்கு ஆறு இல்லை. ஆழ்துளைக் கிணற்றுக்கு அடியில் இருப்பது பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த நீர், எடுத்தால் திரும்பாது. தெற்கே திஸி நிலத்தடியிலிருந்து 325 கிலோமீட்டர் குழாய் போட்டு 2013 முதல் ஆண்டுக்கு 10 கோடி கன மீட்டர் கொண்டுவருகிறார்கள். அதுவும் அந்தப் பழைய சேமிப்புதான். ஆகவே தேவையைக் குறைப்பதைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். பேச்சு தொடங்கியதும், பல் துலக்கும்போது குழாயை மூடச் சொல்லும் சுவரொட்டி வந்துவிடுகிறது. பல் துலக்குகிறவர் இந்தக் கணக்கில் கடைசி வரிசைக்காரர். முதல் வரிசையில் இருப்பது நீர் வாரியத்தின் சொந்தக் குழாய். எல்லாரையும்விடப் பெரிய செலவாளி வயல். வீட்டிலும் சேமிக்க இடம் உண்டு, அது பெரும்பாலும் நாம் தேடும் இடத்தில் இருப்பதில்லை.

தொட்டியின் கொள்ளளவே ரேஷன்

அம்மானில் ஒரு குடும்பம் உண்மையில் எவ்வளவு செலவழிக்கிறது என்பதைத் தீர்மானிப்பது மீட்டரும் இல்லை, கட்டணமும் இல்லை, மாடித் தொட்டிதான். ஐந்து பேர் கொண்ட வீடு, 2 கன மீட்டர் தொட்டி, வாரம் ஒருமுறை தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 2,000 லிட்டரை ஏழு நாளுக்கும் ஐந்து பேருக்கும் பகிர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 57 லிட்டர். இன்னொரு தொட்டி வாங்கி வைத்தால் 114. கட்டடத்தின் அடித்தளத்தில் பெரிய நிலத்தடித் தொட்டியும் மோட்டாரும் வைத்திருப்பவருக்கு ரேஷன் என்ற ஒன்றே கிடையாது. தொட்டி சின்னதாக இருப்பவர் ஐந்தாம் நாளே லாரியைக் கூப்பிடுகிறார்; லாரித் தண்ணீரின் விலை குழாய்த் தண்ணீரைப்போல் பல மடங்கு. ஆகவே, முறைவைத்து விட்டால் எல்லாரும் சமமாகச் சிக்கனம் பிடிப்பார்கள் என்பது நடக்காத காரியம். வசதி குறைந்தவர் மட்டுமே சிக்கனம் பிடிக்கிறார்.

முறைவைப்பதால் குழாய்க்கும் கேடு. ஒரு வாரத் தேவை முழுவதையும் ஊரே ஒரே நாளில் இழுப்பதால், அந்த நாளின் ஓட்டம் குழாய் வடிவமைக்கப்பட்ட அளவைத் தாண்டிவிடுகிறது. அழுத்தம் விழுகிறது. அம்மான் குன்றுகளின் மேல் கட்டிய ஊர்; மேட்டுத் தெருக்களுக்கும் கடைக்கோடி வீடுகளுக்கும் முதலில் வறட்சி வரும். வால்வை மூடியபின் காலிக் குழாயில் வெற்றிடம் உண்டாகி, விரிசல் வழியே சுற்றியுள்ள மண்ணின் ஈரத்தை உள்ளே இழுக்கும். பக்கத்தில் சாக்கடைக் குழாய் ஒழுகினால் அதையும் இழுக்கும். மறுபடி திறக்கும்போது உள்ளிருக்கும் காற்று நெருக்கப்பட்டு, அழுத்தம் திடீரென ஏறி இறங்கிப் பழைய இணைப்புகளைப் பிளக்கிறது. தண்ணீர் விட்ட முதல் அரைமணி நேரம் கலங்கலாக வருவதும் இதனால்தான். அதைத் தொட்டியில் ஏற்றாமல் வெளியே விடுவது நல்ல பழக்கம். ஆனால் அப்படி விடுவதும் இழப்புக் கணக்கில்தான் போய்ச் சேரும்.

அப்படியானால் உடனே 24 மணி நேரமும் விட்டுவிடலாமே என்று தோன்றும். பல நகரங்கள் சறுக்கியது இங்கேதான். மணிக்கு 1 கன மீட்டர் ஒழுகும் ஓட்டை ஒன்று இருக்கிறது. வாரத்தில் 36 மணி நேரம் தண்ணீர் விட்டால் அது 36 கன மீட்டரைத் தின்னும். அதே குழாயில் இடைவிடாது விட்டால் வாரத்துக்கு 168 கன மீட்டர். ஓட்டைகளை அடைக்காமல் நேரத்தைக் கூட்டினால், கூடுதல் தண்ணீர் முழுவதும் மண்ணுக்குப் போய், சில வாரங்களில் நீர்த்தேக்கம் காலியாகிப் பழைய முறைக்கே திரும்ப வேண்டிவரும். சின்ன மண்டலமாகப் பிரித்து, ஒன்றைச் சரிசெய்து முடித்து, அதற்கு மட்டும் நேரத்தைக் கூட்டிவிட்டு அடுத்ததைத் தொடுவதே உருப்படியான வழி.

இரவு மூன்று மணி

ஜோர்டானில் குழாயில் ஏற்றும் நீரில் ஏறக்குறைய பாதிக்குப் பணம் வருவதில்லை. இந்தப் பாதியை அப்படியே கசிவு என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. அதில் ஒரு பங்குதான் மண்ணுக்குள் போவது. மற்றது திருட்டு இணைப்பு, சோம்பேறி மீட்டர், தவறாக எடுத்த அளவு, பில்லே போடாத இணைப்பு. இந்த இரண்டாவது பங்குத் தண்ணீரை யாரோ பயன்படுத்துகிறார்கள். அதைப் பிடித்தால் வருமானம் வரும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் திரும்பி வராது, விலை கொடுக்க வேண்டியிருப்பதால் அவர் குறைத்துக்கொள்ளும் அளவைத் தவிர. எந்தப் பங்கு எவ்வளவு என்று தெரியாமல் ஒப்பந்தம் விட்டால், மீட்டர் மாற்றியே பட்ஜெட் தீர்ந்துபோகும், குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. 500 முதல் 3,000 இணைப்புகள் வரை உள்ள ஒரு பகுதியை எல்லை வால்வுகளை மூடித் தனி மண்டலமாக்கி, உள்ளே நுழையும் ஒரே குழாயில் ஓட்டமானி வைக்க வேண்டும். இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் ஊர் தூங்குகிறது. அப்போது உள்ளே போவதில் பெரும்பகுதி கசிவு. 2,000 இணைப்பு, 10,000 பேர் கொண்ட மண்டலத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு மணி நேரத்தில் நூற்றில் ஆறு பேர் எழுந்து கழிவறைக்குப் போய்ப் பத்து லிட்டர் செலவழிப்பதாக வைத்தால் 6 கன மீட்டர். ஓட்டமானி 12 காட்டினால் மீதி 6 கசிவு. இதை 24-ஆல் பெருக்கக் கூடாது. பகலில் பயன்பாடு கூடி அழுத்தம் இறங்குவதால் கசிவும் குறையும். 20-ஆல் பெருக்கினால் நாளொன்றுக்கு 120 கன மீட்டர், ஏறக்குறைய சரியாக இருக்கும்.

இது பெரிதா, சிறிதா? எந்த வலையமைப்பிலும் தவிர்க்கவே முடியாத கசிவு என்று ஒன்று உண்டு. உலகெங்கும் நீர்ப் பொறியாளர்கள் கையாளும் சூத்திரப்படி, பிரதான குழாயின் நீளத்தைக் கிலோமீட்டரில் 18-ஆலும் இணைப்புகளின் எண்ணிக்கையை 0.8-ஆலும் பெருக்கிக் கூட்டி, அதைச் சராசரி அழுத்தத்தால் (நீர் எத்தனை மீட்டர் உயரம் எழும்பும் என்ற கணக்கில்) பெருக்கினால் நாளுக்கு இத்தனை லிட்டர் என்று வரும். தண்ணீர் அளக்கும் மீட்டர் வீட்டு எல்லைக்குள் தள்ளி இருந்தால் அந்த நீளத்துக்கு இன்னொரு உறுப்பு சேரும். 20 கிலோமீட்டர் குழாய், 2,000 இணைப்பு, 30 மீட்டர் அழுத்தம் என்றால் 360-உம் 1,600-உம் சேர்ந்து 1,960. முப்பதால் பெருக்கினால் 58,800 லிட்டர், அதாவது சுமார் 59 கன மீட்டர். நம் மண்டலத்தின் கசிவு அதைப்போல் இரண்டு மடங்குதான். வறண்ட நாட்டுத் தரத்துக்கும் அது மோசமில்லை. வேறு மண்டலத்தில் பத்து மடங்கு கசியும்போது இங்கே பள்ளம் தோண்டிப் பொழுதைக் கழிக்க வேண்டாம்.

ஆனால் அம்மான் போன்ற ஊரில் இந்தச் சோதனையை அப்படியே செய்தால் ஏமாந்துபோவோம். இரவு மூன்று மணிக்கு மக்கள் தூங்கினாலும் மாடித் தொட்டிகள் விழித்திருந்து நிரம்பிக்கொண்டிருக்கும். உள்ளே போகும் நீர் கசிவா, தொட்டியா என்று தெரியாது. அந்த மண்டலத்துக்கு மட்டும் இரண்டு நாள் இடைவிடாமல் விட்டு, தொட்டிகள் எல்லாம் நிரம்பி மிதவை வால்வுகள் மூடியபின் அளக்க வேண்டும். முடியாவிட்டால் வீட்டு இணைப்புகளின் அடைப்பு வால்வுகளைச் சிறிது நேரம் மூடி அளக்கலாம். எல்லை வால்வுகள் உண்மையிலேயே மூடியிருக்கின்றனவா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். மண்டலத்துக்கு உள்ளே அழுத்தத்தைப் பூஜ்யமாக்கிப் பார்த்தால், கள்ளத்தனமாகத் திறந்திருக்கும் ஒரு வால்வு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கண்டுபிடிக்கும் வேலையிலும் பல தடைகள். கசிவின் ஓசையைக் காது கொடுத்துக் கேட்கும் ஒலிக்கோலும் ஒலி ஒப்பீட்டுக் கருவியும் குழாயில் அழுத்தம் இருக்கும்போதுதான் கேட்கும். இரும்புக் குழாயில் ஓசை தூரம் போகும். பிளாஸ்டிக் குழாயில் சில மீட்டரிலேயே அமுங்கிவிடும். முறைவைத்து விடும் இடங்களில் 5 சதவீத ஹைட்ரஜனை நைட்ரஜனோடு கலந்து காலிக் குழாயில் செலுத்தி, தரைக்கு மேலே மோப்பக் கருவியோடு நடப்பதே எளிது. இந்தக் கலவை தீப்பற்றாது.

தெருவில் ஊற்றாகப் பீறிடும் உடைப்பைப் பார்த்து எல்லாரும் பதறுவார்கள். மணிக்கு 50 கன மீட்டர் வெளியேறினாலும் அதைப் பன்னிரண்டு மணி நேரத்தில் அடைத்துவிடுவார்கள், இழப்பு 600. வீட்டு இணைப்பின் பிணைப்பில் மணிக்கு 1 கன மீட்டர் மட்டுமே ஒழுகும் சத்தமில்லாத கசிவு, யாரும் கவனிக்காமல் நூறு நாள் ஓடினால் 2,400. கசிவு தெரியவரும் நேரம், இடத்தைக் கண்டுபிடிக்கும் நேரம், பழுதுபார்க்கும் நேரம் ஆகிய மூன்றையும் கூட்டித்தான் இழப்பைப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் மலிவான வைத்தியம் அழுத்தத்தைக் குறைப்பது. 60 மீட்டரை 40 ஆக்கினால், உலோகக் குழாயின் வட்ட ஓட்டையில் கசிவு 18 சதவீதம் குறையும். பிளாஸ்டிக் குழாயின் நீள விரிசல் அழுத்தம் குறைந்ததும் வாயைச் சுருக்கிக்கொள்ளும். அங்கே 46 சதவீதம்வரை குறையலாம். இரண்டும் கலந்த ஊரில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். தென்னாப்பிரிக்க நகரமான கேப் டவுனின் கயேலிட்ஷாவில் 2001-இல் இதைச் செய்து காட்டினார்கள். அந்தக் குடியிருப்புக்கு இரவில் மணிக்குச் சுமார் 1,600 கன மீட்டர் போய்க்கொண்டிருந்தது. தெருக்குழாய் பெரிதாகக் கசியவில்லை. தரம் குறைந்த கழிவறைப் பொருத்துகள் இரவின் கூடுதல் அழுத்தத்தைத் தாங்காமல் ஒழுகி, அந்த நீர் சத்தமில்லாமல் சாக்கடைக்குப் போனது. நுழைவாயிலில் அழுத்தக் குறைப்பு வால்வுகளும் நேரக் கட்டுப்பாடும் வைத்ததும் இரவு ஓட்டம் பாதிக்கும் கீழே இறங்கியது. ஒரு வீட்டுக்குள்ளும் நுழையாமல் செய்த வேலை இது.

அந்த வால்வுக்கும் பராமரிப்பு வேண்டும். முன்னால் வடிகட்டி இல்லாவிட்டால் மணல் போய் அதன் சிறு கட்டுப்பாட்டுக் குழாய் அடைபடும். வால்வு திறந்தபடியே நின்றுவிடும், யாருக்கும் தெரியாது. பெரிய அளவில் வாங்கிவிட்டால் இரவின் சிறு ஓட்டத்தில் நிலைகொள்ளாமல் திறந்து மூடி அதிர்ந்து, தானே குழாயை உடைக்கும். மண்டலத்தின் உயரமான கடைசி வீட்டில் ஓர் அழுத்தமானியை நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அந்த வீட்டுக்காரரின் புகார்தான் அழுத்தமானி.

மீட்டர் சொல்லாத லிட்டர்

மாடித் தொட்டிக்கும் மீட்டருக்கும் ஆகாது. சாதாரண மிதவை வால்வு, நீர்மட்டம் ஏறஏறக் கொஞ்சம் கொஞ்சமாக மூடும். கடைசிக் கட்டத்தில் நூலிழையாக ஓடும் நீரைப் பழைய அரை அங்குல பி வகை மீட்டர் பார்ப்பதே இல்லை. மணிக்கு 30 லிட்டருக்குக் கீழே அதன் துல்லியத்துக்கு உத்தரவாதம் கிடையாது. இன்றைய தரக்குறியீட்டில் ஆர்160 என்று அச்சிட்ட, மணிக்கு 2.5 கன மீட்டர் நிலை ஓட்டம் கொண்ட மீட்டர், மணிக்குச் சுமார் 16 லிட்டர்வரை பிடிக்கும். அதற்காக நுட்பமான பிஸ்டன் மீட்டரை வாங்கினால், முறைவைத்து விடும் குழாயின் மணல் ஓரிரு மாதத்தில் அதை இறுக்கிவிடும். பல துளைகள் வழியே நீர் பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றும், மணலைத் தாங்கும் பல்தாரை மீட்டர், அல்லது அசையும் பாகமே இல்லாத அல்ட்ராசானிக் மீட்டர் இங்கே பொருந்தும். பல்தாரை மீட்டரைப் படுக்கைமட்டமாகப் பொருத்த வேண்டும். படிப்பதற்கு வசதி என்று சாய்த்து வைத்தால் சிறு ஓட்டங்கள் தப்பிவிடும். சட்டென்று முழுதாகத் திறந்து சட்டென்று மூடும் மிதவை வால்வை வீட்டுக்காரருக்கு இலவசமாகக் கொடுத்தாலும் வாரியத்துக்கு லாபமே.

காற்றைப் பற்றிய புகாரும் கட்டுக்கதையல்ல. குழாய் நிரம்பும்போது வெளியேறும் காற்று மீட்டரைச் சுழற்றும். மேட்டுப் புள்ளிகளில் காற்று வால்வு வைத்தால் பெருமளவு தீரும். வாரியம் இதை மறுத்துக்கொண்டே இருந்தால், மக்கள் மீட்டரையே நம்ப மறுப்பார்கள். அதற்குப் பிறகு எந்தக் கட்டணத் திட்டமும் எடுபடாது.

வீட்டுக்குள்

வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது கழிவறை. ஒன்பது லிட்டர் ஃப்ளஷ் டேங்க்கை ஐந்து பேர் நாளுக்கு ஐந்து முறை அழுத்தினால் 225 லிட்டர். அதையே 6 லிட்டர், 3 லிட்டர் இரட்டைப் பொத்தானாக்கி, ஒருமுறை பெரியதும் நான்கு முறை சிறியதும் அழுத்தினால் 90 லிட்டர். அதைவிட முக்கியம், டேங்க்கின் அடியில் உள்ள ரப்பர். அது தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஓடையாக நாளுக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் போய்விடும். டேங்க்கில் கொஞ்சம் உணவுச் சாயத்தைக் கலந்து இருபது நிமிடம் யாரும் அழுத்தாமல் விட்டால், பீங்கானில் நிறம் தெரிந்ததும் விஷயம் தெரிந்துவிடும். இரட்டைப் பொத்தான் வகையிலும் இந்த ரப்பர்தான் பலவீனம். மலிவான இரட்டைப் பொத்தான் ஒழுக ஆரம்பித்தால் பழைய ஒன்பது லிட்டரே தேவலாம் என்ற நிலை வந்துவிடும்.

குழாய் வாயில் ஏரேட்டர் என்ற, நீரோடு காற்றைக் கலந்து ஓட்டத்தைக் குறைக்கும் சல்லடையை மாட்டச் சொல்லி எல்லா நாட்டிலும் பிரசாரம் நடக்கிறது. நிமிடத்துக்கு 12 லிட்டர் ஓடும் குழாய் 6 லிட்டருக்கு இறங்கும் என்பது உண்மைதான், அழுத்தம் இருந்தால். மாடித் தொட்டியிலிருந்து வரும் வீட்டில் மேல்தளத்துக்குக் கிடைப்பது இரண்டு மூன்று மீட்டர் உயரத்தின் அழுத்தம். ஏற்கெனவே மெதுவாகத்தான் ஓடும். அங்கே இதை மாட்டினால் நூலாக வடியும். ஒரே வாரத்தில் கழற்றிப் போட்டுவிடுவார்கள். ஐந்து மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்துக்கு 15 மீட்டருக்கு மேல் அழுத்தம் உண்டு. ஏரேட்டர் வேலை செய்யும் இடம் அதுதான். ஆயிரக்கணக்கில் வாங்கி வீட்டுக்கு இரண்டு என்று விநியோகித்துவிட்டுப் பத்திரிகைக்குப் படம் கொடுக்கும் திட்டங்கள், எந்தத் தளம் என்று கேட்பதே இல்லை. கடின நீர் உள்ள ஊரில் சில மாதங்களுக்கு ஒருமுறை வினிகரில் ஊறவைக்கவும் வேண்டும்.

ஜோர்டானில் மாடியில் சூரிய வெந்நீர்க் கலன் சாதாரணம். அங்கிருந்து குளியலறைக்கு 15 மீட்டர் முக்கால் அங்குலக் குழாய் என்றால், வெந்நீர் வருவதற்குமுன் ஒவ்வொரு முறையும் சுமார் ஐந்து லிட்டர் பச்சைத் தண்ணீர் வீணாகும். அரை அங்குலமாக்கினால் அது பாதியாகும். வீடு கட்டும்போதே பிளம்பரிடம் சொல்ல வேண்டியது இது. பிறகு செய்ய ஒரே வழி அடியில் வாளி வைப்பது.

கட்டணமும் கட்டாயமும்

படிப்படியாக ஏறும் கட்டணம் நல்ல யோசனை என்று எல்லாப் பாடநூலும் சொல்லும். ஒரு மீட்டருக்கு ஒரு குடும்பம் என்றால் சரி. ஒரே மீட்டரில் மூன்று குடும்பம் இருந்தால், ஏழைகள் மூவரும் சேர்ந்து பணக்காரரின் படிக்கட்டுக்கு ஏறிவிடுவார்கள். கேப் டவுனில் அதிகம் செலவழித்த வீடுகளுக்கு நாளுக்கு 350 லிட்டரோடு ஓட்டத்தை நிறுத்தும் கருவி பொருத்தினார்கள். நான்கு பேர் வீட்டுக்கு அது போதும். கொல்லையில் கொட்டகை போட்டுப் பத்துப் பேர் வாழும் மனைக்கு அது தண்டனை.

ஆனாலும் கேப் டவுன் செய்தது சாதாரணமானதல்ல. 2015 தொடக்கத்தில் நாளுக்குச் சுமார் 120 கோடி லிட்டர் செலவழித்த நகரம், 2018-இல் 50 கோடிக்கு அருகில் இறங்கியது. பிப்ரவரி 2018 முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர்தான் என்று வரம்பு. வரம்புக்குள் இருந்த வீடுகளுக்குப் பச்சைப் புள்ளி வைத்த வரைபடத்தை இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி போட்டார்கள். அழுத்தத்தைக் குறைத்தார்கள். விவசாயத்துக்கான ஒதுக்கீட்டையும் வெட்டினார்கள். நகருக்கு வெளியே குரூன்லாந்துப் பகுதி விவசாயிகள் தங்கள் அணையிலிருந்து ஒரு கோடி கன மீட்டரை நகருக்குத் திறந்துவிட்டார்கள். பின்னர் குளிர்கால மழை வந்தது. அதற்குப்பின் வந்தது இன்னொரு சிக்கல். நீர் வாரியத்தின் செலவில் பெரும்பகுதி கடன், சம்பளம், பராமரிப்பு. தண்ணீர் பாதியாக விற்றாலும் அந்தச் செலவு பாதியாகாது. வருமானம் விழுந்ததும், 2018 ஜூலை முதல் குழாயின் விட்டத்தைப் பொறுத்து ஒரு நிலையான மாதக் கட்டணம் போட்டார்கள். சிக்கனமாக இருந்ததற்கா இந்த அபராதம் என்று மக்கள் கொதித்தார்கள். நிலைக்கட்டணத்தை வறட்சி வருவதற்கு முன்பே, சின்ன அளவில், வைத்திருக்க வேண்டும்.

நமீபியத் தலைநகர் விண்ட்ஹுக் நிதானமாக, நெருக்கடிக்குக் காத்திருக்காமல் செய்தது. அங்கே ஆண்டு மழை 370 மில்லிமீட்டர் அளவில், ஆவியாதல் அதைப்போல் பல மடங்கு. வற்றாத ஆறுகள் எல்லாம் நாட்டின் எல்லைகளில்தான். 1968-இலேயே கோரியங்காப் நிலையத்தில் கழிவுநீரைச் சுத்திகரித்து நேரடியாகக் குடிநீர்க் குழாயில் சேர்த்தார்கள். உலகில் அதுவே முதல். 2002-இல் வந்த புதிய நிலையம் நாளுக்கு 21,000 கன மீட்டர் தரும். 1994-இல் தேவை மேலாண்மைக்கென்றே ஒரு கொள்கை வகுத்தார்கள்: ஏறும் கட்டணம், காலை 10 முதல் மாலை 4 வரை தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சத் தடை, நீச்சல்குளத்துக்கு மூடி, பூங்காக்களுக்கும் மைதானங்களுக்கும் தனிக் குழாயில் பாதி சுத்திகரித்த நீர். தொழிற்சாலைக் கழிவை வீட்டுக் கழிவோடு சேர விடாமல் தனியாகத் திருப்பியதுதான் இதன் அச்சாணி. ரசாயனம் கலந்தபின் எத்தனை வடிகட்டி வைத்தாலும் நம்பிக் குடிக்க முடியாது. எல்லா வீடும் சிக்கனமானால் சாக்கடையில் ஓடும் நீர் குறைந்து கழிவு கெட்டியாகும் என்பதையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். சரிவு குறைந்த குழாய்கள் அடைத்துக்கொள்ளும். சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும் ஒவ்வொரு லிட்டரிலும் அழுக்கின் அளவு கூடும்.

வயல்

நகரத்தைப் பற்றி இவ்வளவு பேசினாலும், ஜோர்டானின் நீரில் ஏறக்குறைய பாதி விவசாயத்துக்குப் போகிறது. உலக அளவில் பார்த்தால் அந்தப் பங்கே குறைவுதான். யோர்தான் பள்ளத்தாக்கில் வாழையும் நாரத்தை இனப் பழங்களும் விளைகின்றன. நாட்டுக்கு வேண்டிய கோதுமை பெரும்பாலும் கப்பலில் வருகிறது. ஒரு கிலோ கோதுமைக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் நீர் செலவாகிறது. அதை இறக்குமதி செய்வது தண்ணீரையே இறக்குமதி செய்வதாகும் என்று சொன்னவர் லண்டன் பேராசிரியர் டோனி ஆலன். 2008-இல் அவருக்கு ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசு கொடுத்தார்கள்.

வயலில் சிக்கனம் என்றதும் சொட்டுநீர்ப் பாசனம் என்பார்கள், மானியமும் கொடுப்பார்கள். ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேர் வயலுக்கு வாய்க்கால் வழியே 10,000 கன மீட்டர் பாய்ச்சுகிறார் விவசாயி. பயிர் 5,500 குடிக்கிறது, ஈர மண்ணிலிருந்து 1,000 ஆவியாகிறது, 3,500 கீழே இறங்கி நிலத்தடிக்கே திரும்புகிறது. நிலத்தடி இழந்தது 6,500. சொட்டுநீருக்கு மாறியதும் 6,500 மட்டுமே எடுக்கிறார். பயிர் நன்றாக வளர்ந்து 6,000 குடிக்கிறது, 300 ஆவியாகிறது, 200 மட்டும் கீழே போகிறது. நிலத்தடி இழந்தது 6,300. விவசாயி 3,500 மிச்சம் பிடித்ததாக நினைக்கிறார். உண்மை மிச்சம் 200. அந்த 3,500-ஐ வைத்துப் பக்கத்து அரை ஹெக்டேரிலும் நட்டுவிட்டால், நிலத்தடியிலிருந்து நிரந்தரமாகப் போவது ஏறக்குறைய 9,700. விளைச்சல் கூடியது, விவசாயிக்கு வருமானம் கூடியது, நீர்மட்டம் இன்னும் வேகமாக இறங்கியது. மானியம் கொடுத்த துறை மட்டும் 35 சதவீதச் சேமிப்பு என்று அறிக்கை எழுதும்.

வழிந்து போகும் நீர் கடலிலோ சாக்கடலிலோ உப்பு நிலத்திலோ சேர்கிற இடமானால் கதை வேறு. அங்கே சொட்டுநீரின் சேமிப்பு உண்மையானது. வழிநீர் எங்கே போய்ச் சேர்கிறது என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் சேமிப்பு என்ற சொல்லையே எழுதக் கூடாது. மற்ற இடங்களில் மானியத்தோடு கிணற்று ஒதுக்கீட்டையும் குறைக்க வேண்டும், நட்ட பரப்பையும் பூட்ட வேண்டும். ஜோர்டானின் 2002-ஆம் ஆண்டு நிலத்தடி நீர் விதி, உரிமம் பெற்ற விவசாயக் கிணற்றுக்கு ஆண்டுக்கு 1,50,000 கன மீட்டர்வரை இலவசமாக விட்டது; அதற்கு மேல்தான் கட்டணம். அந்த வரம்புக்குள் நிற்கும் கிணற்றுக்காரருக்கு விலை எதையும் சொல்லவில்லை. இப்போது சூரியசக்தி மோட்டார் வந்தபின் டீசல் செலவு என்ற கடைசித் தடையும் போய்விட்டது. கிணற்று மீட்டரை உடைப்பது எளிது. செயற்கைக்கோளின் வெப்பப் படத்திலிருந்து பயிர் எவ்வளவு நீரை ஆவியாக்கியது என்று கணக்கிடும் முறையை ஏமாற்றுவது கடினம். அரசு கட்டுப்படுத்த வேண்டிய அளவும் அதுவே.

சொட்டுநீரைச் சரியாக நடத்துவதும் லேசில்லை. மணல் வடிகட்டியும் அதன்பின் 120 மெஷ் தட்டு வடிகட்டியும் இல்லாமல் குளத்து நீரை விட்டால் சொட்டுவாய்கள் ஒரு பருவத்திலேயே அடைபடும். பக்கக் குழாய்களின் கடைசி முனையை அடிக்கடி திறந்து அலச வேண்டும். உப்பு அதைவிடப் பெரிய எதிரி. வறண்ட நிலத்தில் உப்பைக் கழுவ மழை இல்லை. ஈர மண்ணின் விளிம்பில் வெள்ளையாகப் படியும். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் பாசன நீரில் 1.5, தக்காளி தாங்கும் மண்ணின் அளவு 2.5 என்றால், 1.5-ஐ 11-ஆல் வகுக்க வேண்டும். அந்த 11, ஐந்து மடங்கு மண் அளவான 12.5-இலிருந்து நீரின் 1.5-ஐக் கழித்தால் வருவது. விடை ஏறக்குறைய 14 சதவீதம். அவ்வளவு நீரை வேருக்குக் கீழே வேண்டுமென்றே இறக்க வேண்டும். அதை வீண் என்று நிறுத்தியவர்களின் வயல்கள் சில ஆண்டுகளில் உவர்ந்துபோகும்.

கொள்கை மாற்றம் எப்படிப் புரண்டு படுக்கும் என்பதற்குச் சவூதி அரேபியா சாட்சி. மானிய விலை கொடுத்துப் பாலைவனத்தில் கோதுமை விளைவித்து, 1990-களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன் எட்டி, ஏற்றுமதியும் செய்தார்கள். எல்லாம் திரும்பி வராத நிலத்தடி நீர். 2008-இல் கொள்முதலைப் படிப்படியாகக் குறைக்க முடிவெடுத்து 2016-இல் நிறுத்தினார்கள். கோதுமையைக் கைவிட்ட விவசாயிகள் பலர் பால் பண்ணைகளுக்கான குதிரைமசாலுக்கு மாறினார்கள். கோதுமை சில மாதப் பயிர். குதிரைமசால் ஆண்டு முழுவதும் நின்று குடிக்கும். பயிரின் பெயரைத் தடுத்தார்களே தவிர நீரின் அளவைத் தடுக்கவில்லை. பிறகு 2015 டிசம்பரில் பசுந்தீவனத்தையும் மூன்றாண்டுக்குள் நிறுத்த ஆணை வந்தது. அதற்குள் சவூதியின் பால் நிறுவனமான அல்மராய் அமெரிக்காவின் அரிசோனாவில் நிலம் வாங்கித் தீவனம் வளர்க்கத் தொடங்கியிருந்தது. அதுவும் பாலைவனம்தான், அங்கேயும் நிலத்தடி நீர்தான்.

ஜோர்டான் இப்போது தெற்கே கடலோர நகரமான அகபாவில் கடல்நீரைக் குடிநீராக்கி ஆண்டுக்கு 30 கோடி கன மீட்டரை அம்மானுக்கு அனுப்பும் திட்டத்தில் இருக்கிறது. உப்பு நீக்க ஒரு கன மீட்டருக்குச் சுமார் 3 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஆகும். அம்மானின் மேட்டுக்கு 1,000 மீட்டர் ஏற்ற, இயற்பியல் கணக்கின்படி மட்டும் 2.7 யூனிட், பம்ப்பின் திறனிழப்பைச் சேர்த்தால் மூன்றரை. வழியில் குழாயின் உராய்வு தனி. ஆக, அம்மானின் தெருவில் கசியும் ஒவ்வொரு கன மீட்டரும் அப்போது ஏழு யூனிட் மின்சாரத்தோடு சேர்ந்து மண்ணுக்குள் போகும். இன்று திஸியிலிருந்தும் யோர்தான் பள்ளத்தாக்கிலிருந்தும் மேலேற்றிக் கொண்டுவரும் நீருக்கும் மின்செலவு உண்டு என்றாலும் உப்பு நீக்கும் செலவு அதில் இல்லை. புதிய நீர் வந்ததும் விநியோக நேரத்தைக் கூட்டச் சொல்லி அரசியல் நெருக்கடி வரும், கூட்டியும் விடுவார்கள். கசியும் நேரமும் கூடவே நீளும். மண்டலம் பிரித்து, வால்வு வைத்து, வீட்டு இணைப்புகளை மாற்றும் வேலையை அகபாவின் முதல் பம்ப் ஓடுவதற்கு முன் முடித்தாக வேண்டும். அதற்கான குழிகளைத் தோண்ட, தண்ணீர் வராத ஆறு நாட்களும் இப்போது கையில் இருக்கின்றன.